ஹிட்ச் இல்லாத காருக்கு சைக்கிள் ரேக் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

காருக்குப் பின்னால் ஹிட்ச், அதாவது டிரெய்லர் இழுக்கவும் ரேக் மாட்டவும் அடிச்சட்டத்தில் பொருத்தும் இணைப்பு, இருந்தால் வேலை சுலபம். ரேக்கின் எடை முழுவதும் காரின் அடிச்சட்டத்தில் போய் இறங்கிவிடும், சைக்கிளை ஏற்றிப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். ஹிட்ச் இல்லாத காரில் அந்த எடையை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும். டிக்கி மூடியின் மெல்லிய தகடு, கூரையின் ஓரம், பின்கண்ணாடி, ஸ்டெப்னி மாட்டியிருக்கும் பின்கதவு என்று ஏதோ ஒன்று. எவ்வளவு நல்ல ரேக் வாங்கினாலும் அது பற்றியிருக்கும் இடம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அதன் பலம். அதனால் ரேக்குகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கும் முன் உங்கள் காரையும் சைக்கிளையும் நன்றாகப் பார்த்துவிடுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

கீழே இருக்கும் வரிசையைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்பற்றுங்கள். ரேக்கை வாங்கிவிட்டு அப்புறம் காரில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் ஸ்பாய்லர் (டிக்கியின் மேல் ஓரத்தில் துருத்தி நிற்கும் பாகம்) இடிக்கிறது, கொக்கி மாட்ட விளிம்பு இல்லை, சைக்கிளின் மேல்குழாய் ரேக்கில் உட்காரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

## படி 1: காரைச் சுற்றி வந்து பாருங்கள்

முதலில் பின்பக்கம். டிக்கி மூடியைத் திறந்து அதன் விளிம்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டை போட்டுக் கட்டும் ரேக்குகளின் கொக்கிகள் அங்கேதான் மாட்டும். உலோகத் தகட்டை மடித்துச் செய்த கெட்டியான விளிம்பு என்றால் கவலை இல்லை. மூடியே பிளாஸ்டிக் என்றாலோ, மேல் விளிம்பு கண்ணாடியில் போய் முடிகிறது என்றாலோ சாதாரணக் கொக்கியை மாட்டவே கூடாது. கண்ணாடி நடுவில் தாங்கும் அழுத்தத்தை ஓரத்தில் தாங்காது. அந்த மாதிரிக் கார்களுக்கென்று சில ரேக்குகளில் வேறு வகை முனை கிடைக்கிறது: பட்டையின் நுனியில் ரப்பர் பூசிய ஒரு கட்டை இருக்கும், அதை உள்ளே போட்டு மூடியை அடைத்துவிட்டால் பட்டை மட்டும் இடுக்கு வழியாக வெளியே வரும், விளிம்பில் எதுவும் கொக்கி போடாது. ஆனால் அந்த முனை உங்கள் காருக்கு ஒத்துவரும் என்று ரேக் தயாரித்தவரே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து ஸ்பாய்லர். பல கார்களில் அது உள்ளீடற்ற பிளாஸ்டிக், ஒட்டியோ சின்னத் திருகுகளில் மாட்டியோ வைத்திருப்பார்கள். ரேக்கின் கால் அதன் மேல் உட்காரக் கூடாது, பட்டையும் அதை அழுத்தக் கூடாது. பின் வைப்பர் எங்கே இருக்கிறது, ரிவர்ஸ் கேமரா எங்கே, சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் எந்தத் திசையில் புகையைத் தள்ளுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. பின்னால் தொங்கும் சைக்கிளின் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக வந்துவிட்டால், ஒரு நீண்ட பயணத்தில் டயர் உருகிவிடும், கார்பன் ரிம் என்றால் ரிம்மே கெட்டுப்போகும்.

பிறகு கூரை. அதில் நான்கைந்து வகைதான் உண்டு. கூரையிலிருந்து எழும்பி, கீழே கை நுழைய இடைவெளி விட்டிருக்கும் நீளவாட்டுக் கம்பிகள் ஒரு வகை. இடைவெளி இல்லாமல் கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் கம்பிகள் இன்னொன்று. சில கார்களில் சின்ன மூடிகளுக்கு அடியில் திருகு துளைகள் மறைந்திருக்கும். மற்றவற்றில் எதுவுமே இல்லாத வெறும் கூரை, அதற்குக் கதவுச் சட்டத்தின் ஓரத்தைப் பற்றும் கிளாம்புகள் வேண்டும். பழைய வண்டிகளில் மழைநீர் வடியும் பள்ளம் இருக்கும். உங்களுடையது எது என்று தெரிந்தால்தான், ரேக்கைத் தாங்கக் கூரையின் குறுக்கே போடும் குறுக்குக் கம்பி எது என்று தேடவே முடியும். ஒரு வகைக் கூரைக்கு வாங்கிய கம்பிப் பாதங்கள் மற்றதில் உட்காராது.

இப்போது காரின் கையேட்டை எடுத்து, கார் ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணைத் தேடுங்கள். பல சிறிய கார்களில் அது 50 கிலோ, நடுத்தரக் கார்களில் 75 கிலோ என்பது சாதாரணமாகக் காணும் எண். சில கார்களில் கூரையில் எதுவும் ஏற்றக் கூடாது என்றே எழுதியிருக்கும், குறிப்பாகக் கூரை மடியும் கார்களிலும் சில கண்ணாடிக் கூரைகளிலும். இந்த எண்ணில் சைக்கிளோடு சேர்த்துக் குறுக்குக் கம்பிகள், சைக்கிள் தட்டுகள் எல்லாமே அடக்கம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்: கம்பிகள் 6 கிலோ, தட்டுகள் இரண்டும் 14 கிலோ, தலா 14 கிலோவில் இரண்டு சைக்கிள் 28 கிலோ. மொத்தம் 48. அதாவது 50 கிலோ கூரையில் இரண்டு சாதாரண சைக்கிள் வைத்தாலே கிட்டத்தட்ட முழு அளவையும் தொட்டுவிட்டோம். மூன்றாவதை ஏற்ற ஆசைப்படாதீர்கள். நிற்கும் காரில் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் வளைவிலும் பிரேக்கிலும் குழியிலும் அந்த எடை எல்லாப் பக்கமும் இழுக்கும். அதற்காகத்தான் ஓடும்போதைக்கு இவ்வளவு சிறிய எண் கொடுத்திருக்கிறார்கள்.

## படி 2: சைக்கிளை எடை போடுங்கள், அதன் உருவத்தைப் பாருங்கள்

எடை போடுவதற்கு வீட்டில் இருக்கும் எடை மெஷின் போதும். சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, வரும் எண்ணிலிருந்து உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். பட்டை கட்டும் ரேக்குகள் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15 அல்லது 16 கிலோதான் அனுமதிக்கின்றன. ரோடு பைக் 8, 9 கிலோவில் நிற்கும், சாதாரண மலைச் சைக்கிள் 13 முதல் 16 வரை போகும். மின்சார சைக்கிள் 20 கிலோவை எளிதாகத் தாண்டும், 25, 27 என்பதும் சகஜம். பேட்டரியைக் கழற்றினால் 3 கிலோ போல் குறையும். அப்படிக் கழற்றிக் காருக்குள் வைப்பது எப்படியும் நல்லதுதான், ஆனாலும் பட்டை ரேக்கின் எல்லைக்குள் வருவது அபூர்வம்.

எடையைவிட அதிகம் ஏமாற்றுவது ஃபிரேமின் உருவம். பட்டை ரேக்கில் சைக்கிள் தன் மேல்குழாயில் தொங்குகிறது, அந்தக் குழாய் ஓரளவு கிடைமட்டமாகவும் நடுவில் ரேக்கின் கை இரண்டும் நுழைய இடம் விட்டும் இருக்க வேண்டும். தாழ்வான ஃபிரேம் கொண்ட சைக்கிள், குழந்தைகள் சைக்கிள், முழு சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள், இவை எதுவும் சரியாகத் தொங்காது. முதல் இரண்டுக்கும் சீட் கம்பியிலிருந்து ஹேண்டில்பார் தண்டு வரை மாட்டும் ஒரு தற்காலிகக் குழாய் கிடைக்கிறது, அதை மாட்டி அதில் தொங்கவிடலாம். முழு சஸ்பென்ஷனுக்கு அதுவும் பல நேரம் உதவாது, அதைச் சக்கரத்தில் தாங்கும் ரேக்கில் நிறுத்துவதே நல்லது.

கார்பன் ஃபிரேம் வைத்திருந்தால் இதை ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபிரேமை இறுக்கிப் பிடிக்கும் எந்த ரேக்கும் வேண்டாம். கார்பன் குழாய் ஓட்டும்போது வரும் விசைக்காக வடிவமைத்தது, பக்கவாட்டில் நசுக்கும் விசைக்கு அல்ல. உள்ளே வரும் விரிசல் வெளியே தெரியாது. டயரை மட்டும் பற்றும் ரேக்கும், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கவை) ஆக்சிலில் பிடிக்கும் ரேக்கும்தான் இதற்குச் சரி. மேல்குழாயில் தொங்கவிடலாமா என்பதை சைக்கிள் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள், சிலர் வெளிப்படையாகவே கூடாது என்கிறார்கள்.

முன் ஆக்சில் எந்த வகை என்றும் பாருங்கள். லீவரைத் திருப்பிக் கழற்றும் பழைய குவிக் ரிலீஸ் என்றால் 9 மி.மீ. ஃபோர்க்கின் ஒரு பக்கம் வழியாக உருவி எடுக்கும் தடித்த ஆக்சில் என்றால் அது 12 மி.மீ. குறுக்களவாகவோ 15 மி.மீ. ஆகவோ இருக்கும், அகலம் 100 அல்லது 110 மி.மீ. ஃபோர்க்கைப் பிடிக்கும் ரேக் வாங்கினால் இந்த அளவுகள் பொருந்த வேண்டும் அல்லது அடாப்டர் வேண்டும். டயர் அகலமும் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டு இருந்தால் அதையும், ஏனென்றால் முன்டயரின் மேல் கொக்கி போட்டு அழுத்தும் கூரை ரேக்குகள் மட்கார்டோடு ஒத்துப்போகாது.

## படி 3: தூக்கப்போவது யார்?

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கூரை ரேக் வாங்கிய பலர் இரண்டு மாதத்தில் அதைக் கைவிடுவதற்கு இதுதான் காரணம். சாதாரண செடான் காரின் கூரை 1.45 மீட்டர் உயரம், எஸ்யூவி என்றால் 1.7 மீட்டர் வரை வரும். 14 கிலோ சைக்கிளை அந்த உயரத்துக்கு மேல் தூக்கி, ஒரு கையால் சாயாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பூட்ட வேண்டும். அதுவும் மூன்று மணி நேரம் மிதித்து முடித்த கால்களோடு. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பத்து விநாடி பிடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் கூரை ரேக்கை மறந்துவிடுங்கள். சின்ன ஏணிப்படி ஒன்றை காரிலேயே வைத்துக்கொள்பவர்களும் உண்டு, எஸ்யூவிக்கு அது நல்ல ஏற்பாடு.

## படி 4: ரேக்கே தேவையில்லாமல் போகலாம்

ஒரே ஒரு சைக்கிள், எப்போதாவது ஒரு பயணம் என்றால் பின் சீட்டை மடித்து உள்ளே வைக்க முடிகிறதா என்று முதலில் முயன்று பாருங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.4 மீட்டருக்குக் குறைந்துவிடும், ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் நுழைந்துவிடும். பழைய போர்வையை விரித்து, செயின் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் கியர் மாற்றும் டிரெய்லியர் சைக்கிளின் எடையில் வளையும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். தவறி லீவரை அழுத்தினால் ஹைட்ராலிக் பேடுகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் திரும்ப நுழையாது.

உள்ளே வைத்தாலும் கட்டியே ஆக வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் 14 கிலோ உலோகம் முன்சீட்டை நோக்கிப் பாயும். சைக்கிளை நிமிர்த்தி வைக்க உயரம் இருக்கும் வண்டி என்றால் ஒரு கனமான பலகையில் ஃபோர்க் பிடிப்பானைத் திருகிவைத்து, அதில் சைக்கிளை நிறுத்தி, பலகையை டிக்கியில் இருக்கும் வளையங்களோடு கட்டிவிடலாம். திருடனுக்கும் மழைக்கும் பயமில்லை, எரிபொருள் செலவும் அதிகரிக்காது. என்னைக் கேட்டால், தனியாகப் போய்வருபவருக்கு இதைவிட நல்ல ரேக் கிடையாது.

## படி 5: பட்டை ரேக், கூரை ரேக், சக்ஷன் ரேக்

உள்ளே வைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது, சரி, இனி ரேக்.

பட்டை ரேக்கைத்தான் ஹிட்ச் இல்லாத பெரும்பாலானோர் வாங்குகிறார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. விலை குறைவு, மடித்து டிக்கியில் போட்டுவிடலாம், கார் மாற்றினால் பெரும்பாலும் அடுத்த காருக்கும் வரும், சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். இரண்டு அல்லது மூன்று சைக்கிள் ஏறும். ஆனால் இந்த வகையில் தரம் மிகவும் வேறுபடும். நான் பார்க்கச் சொல்வது முதலில் பட்டைகளின் எண்ணிக்கை. மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என்று ஆறு இருக்க வேண்டும். பக்கப் பட்டைகள் இல்லாத நான்கு பட்டை ரேக் வளைவுகளில் இடதும் வலதுமாக ஆடும், அந்த ஆட்டத்தில் பாதங்கள் பெயின்ட்டைத் தேய்க்கும். இரண்டாவது, ஒவ்வொரு சைக்கிளையும் தாங்கும் தொட்டில்களில் கீழ்நோக்கி நீளும் மூன்றாவது பிடி இருக்கிறதா? சீட் குழாயை அது பிடித்துக்கொண்டால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதாது. மூன்றாவது, கால்களின் வளைவு. சாரிஸ் போன்ஸ் என்ற ரேக்கில் இருப்பதுபோல வில்லாக வளைந்த கால்கள் ஸ்பாய்லரைத் தாண்டிப் போகும். நேரான கால்கள் உள்ள மலிவு ரேக்குகள் தாண்டாது. தூலே அவுட்வே போன்ற ரேக்குகளில் துணிப் பட்டைக்குப் பதில் எஃகு வடம் வருகிறது, அது நீளாது, திருகி இறுக்கலாம், ஆனால் எடையும் விலையும் கூடுதல், எல்லாக் கார்களுக்கும் ஒத்துவராது.

தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் காரின் மாடல், ஆண்டு, ஸ்பாய்லர் உண்டா இல்லையா என்பதுவரை தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்றால் இல்லைதான். கடைக்காரர் எப்படியாவது மாட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே பெயரில் வரும் காரின் அடுத்த தலைமுறையில் விளிம்பின் உருவமே மாறியிருக்கும்.

பட்டை ரேக்கின் குறைகளையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். சைக்கிள் ஏற்றியபின் டிக்கியைத் திறக்க முடியாது. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும். பல நாடுகளில் அது அபராதத்துக்குரிய குற்றம், அதனால் விளக்கோடு சேர்ந்த கூடுதல் நம்பர் பலகை மாட்ட வேண்டியிருக்கலாம், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவும் பார்க்கிங் சென்சாரும் சைக்கிளைத்தான் பார்க்கும். திருட்டுக்கும் இது எளிது, பட்டையை ஒரு கத்தி அறுத்துவிடும். அதனால் சாப்பிட நிறுத்தினால் கார் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள், சைக்கிள்களின் ஃபிரேம் வழியாகத் தடித்த பூட்டுச் சங்கிலியை விட்டுக் காரில் அசையாத ஏதாவது ஒன்றோடு பூட்டுங்கள்.

கூரை ரேக்கில் இந்தத் தொல்லைகள் பலவும் இல்லை. டிக்கி திறக்கும், நம்பர் பிளேட் தெரியும், பின்கண்ணாடியில் பார்வை மறையாது, சைக்கிளும் சைக்கிளும் உரசாது, பூட்டும் ரேக்கிலேயே வரும். இதில் மூன்று வகை. முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பிடிப்பது: சைக்கிள் தாழ்வாக, ஆடாமல் நிற்கும், ஆனால் கழற்றிய சக்கரத்துக்கு இடம் வேண்டும். ரேக்கின் கை ஒன்று ஃபிரேமின் கீழ்க்குழாயைப் பிடிப்பது: ஏற்றுவது மிகச் சுலபம், கார்பனுக்கு ஆகாது. டயரை மட்டும் பிடிப்பது: எந்த ஃபிரேமும் சரி, சக்கரம் கழற்ற வேண்டாம், ஆனால் தட்டின் எடையும் விலையும் கூடுதல். வெவ்வேறு சைக்கிள்கள் இருக்கும் வீட்டுக்கு மூன்றாவதுதான் நிம்மதி.

கூரையில் வைப்பதற்கான உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் கூடும். மணிக்கு 80 கி.மீ.யில் இருக்கும் தடை 120 கி.மீ.யில் இரண்டேகால் மடங்கு. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கணக்குப்படி கூரையில் ஒரு பெரிய மழுங்கலான பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் மைலேஜ் 6 முதல் 17 சதவீதம் வரையும், இன்னும் வேகமான விரைவுச்சாலைகளில் 10 முதல் 25 சதவீதம் வரையும் குறையும், அதையே பின்பக்கம் வைத்தால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான். சைக்கிள் பெட்டியில்லை என்றாலும் போக்கு இதுதான். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நேராகத் தூரத்தில் தெரியும், இடையில் ஒரு சார்ஜ் கூடுதலாகப் போட வேண்டிவரலாம். பயணம் முடிந்ததும் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள், காலிக் கம்பியும் காற்றை இழுக்கும், சத்தமும் போடும்.

இன்னொன்று உயரம். காரும் மேலே நிற்கும் சைக்கிளும் சேர்ந்து 2.5 மீட்டரைத் தாண்டும். அடித்தள பார்க்கிங்குகளின் உயரமோ பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டித்தான். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து நுழைந்தால் சைக்கிள், ரேக், கூரை மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். மொத்த உயரத்தை ஒரு முறை டேப்பால் அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். வீட்டு கேட் ரிமோட் இருந்தால், சைக்கிள் மேலே இருக்கும்போது அதை டிக்கிக்குள் போட்டுவிடுவது நல்ல பழக்கம், எடுக்கப் போகும்போது ஞாபகம் வந்துவிடும்.

சக்ஷன் ரேக் என்பது, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக் காரின் மேல் ஒட்டவைக்கும் ரப்பர் கிண்ணங்களில் நிற்பது. அதன் மீது பலருக்கு நம்பிக்கை வருவதில்லை, ரப்பர் கிண்ணம் ஒட்டி நிற்குமா என்று. நிற்கும், அதன் கணக்கு எளிது. கடல் மட்டத்தில் காற்று ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ விசையோடு அழுத்துகிறது. 15 செ.மீ. குறுக்களவுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ., உள்ளே காற்றே இல்லை என்றால் 177 கிலோ பிடிப்பு. நடைமுறையில் முழு வெற்றிடம் வராது, ஆகவே சீசக்கர் போன்ற நிறுவனங்கள் ஒரு கிண்ணத்துக்கு 95 கிலோ என்று சொல்வதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. ஸ்பாய்லர், விளிம்பு, கூரைக் கம்பி எதைப் பற்றியும் யோசிக்காமல் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருத்தலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் இதைப் பயன்படுத்துபவர் ஒழுங்காகச் சோதிப்பவராக இருக்க வேண்டும். ஒட்டும் இடம் வழுவழுப்பாக, சுத்தமாக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். தகட்டில் ஒரு சின்ன வரிமேடு இருந்தாலும் காற்று கசியும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் படலத்தின் மீது ஒட்டக் கூடாது, ரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே படலம் உரிந்து வந்துவிடலாம். ஒவ்வொரு கிண்ணத்தின் பம்பிலும் ஒரு நிறக்கோடு உண்டு, அது தெரிந்தால் வெற்றிடம் குறைந்திருக்கிறது, மறுபடி பம்ப் அடிக்க வேண்டும். கிளம்பும் முன்னும் நிறுத்தும்போதெல்லாமும் பாருங்கள். கடுங்குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். மலையேறுபவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு, பிடிப்பும் அதே அளவு குறையும். ஆகவே காரின் ஏதாவது ஒரு உறுதியான இடத்தோடு ஒரு காப்புப் பட்டையும் கட்டுங்கள்.

ஸ்டெப்னி பின்கதவில் வெளியே தொங்கும் வண்டி என்றால் அதில் மாட்டும் ரேக் தனியாகக் கிடைக்கிறது. ஸ்டெப்னியின் போல்ட்டுகளிலோ டயரைச் சுற்றியோ பிடிக்கும், உறுதியாகவும் இருக்கும். கதவுக் கீல்கள் ஸ்டெப்னியோடு இரண்டு சைக்கிளையும் தாங்குமா என்பதை மட்டும் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிக்கப் வண்டிக்குப் பின்கதவின் மேல் போடும் தடித்த மெத்தை போதும், சைக்கிளின் முன்சக்கரத்தை வெளியே தொங்கவிட்டுக் கட்டிவிடலாம்.

## எதை யார் வாங்கலாம்

ஒன்றிரண்டு சாதாரண சைக்கிள், மாதம் ஓரிரு முறை பயணம், காரின் விளிம்பு உலோகம் என்றால் ஆறு பட்டை ரேக். கார்பன் சைக்கிளோ முழு சஸ்பென்ஷனோ இருந்து, கூரை அனுமதித்தால், டயரைப் பிடிக்கும் கூரை ரேக். கூரைக் கம்பி போடவும் வழியில்லை, கொக்கி மாட்ட விளிம்பும் இல்லை என்றால் சக்ஷன். இரண்டு மின்சார சைக்கிள் என்றால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், இவை எதுவும் உங்களுக்கானது இல்லை. பல கார்களுக்குப் பின்னாளில் ஹிட்ச் பொருத்த முடியும், இழுவைக்கு அனுமதி இல்லாத சில கார்களிலும் சைக்கிள் ரேக்குக்கு மட்டும் அனுமதி உண்டு. அந்த வழியில் செலவழிப்பதே பாதுகாப்பு.

## படி 6: பட்டை ரேக்கைப் பொருத்தும் முறை

பாதங்கள் உட்காரும் இடத்தையும் பாதங்களின் ரப்பரையும் ஈரத்துணியால் துடையுங்கள். பெயின்ட்டில் கோடு விழுவது ரேக்கால் அல்ல, நடுவில் சிக்கிய மண்துகளால். பெயின்ட்டைப் பாதுகாக்கும் படலம் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. மின்விசையில் திறக்கும் டிக்கி என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்; ரேக் கட்டியிருக்கும்போது யாராவது சாவியில் பொத்தானை அழுத்தினால் மோட்டாரோ கீலோ போகும்.

மேல் கொக்கிகளை முதலில் மாட்டி ரேக்கை அதன் உயரத்தில் நிறுத்துங்கள், பிறகு கீழ்க் கொக்கிகள், கடைசியில் பக்கம். முதல் சுற்றில் எதையும் முழுதாக இறுக்காமல், எல்லாம் நேராக உட்கார்ந்தபின் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் ரேக்கைப் பிடித்து இருபக்கமும் பலமாக ஆட்டினால் ரேக் தனியாக ஆடாமல் கார் முழுவதும் அதோடு சேர்ந்து அசைய வேண்டும். மிச்சமிருக்கும் பட்டை நுனிகளைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள், காற்றில் படபடக்கும் நுனி மெதுவாக பக்கிளைத் தளர்த்திவிடும், பெயின்ட்டிலும் அடிக்கும்.

## படி 7: சைக்கிளை ஏற்றுவது

கனமான சைக்கிள் காருக்கு மிக அருகில். அடுத்ததைத் திசை மாற்றி வைத்தால் ஹேண்டில்பார்கள் இடிக்காது. காரைத் தொடும் பெடலைத் திருப்பி விடுங்கள், முடியாவிட்டால் கழற்றுங்கள் அல்லது தடித்த துணியால் சுற்றுங்கள். முன்சக்கரம் காற்றில் தானாகத் திரும்பும், அதை ஃபிரேமோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். சைக்கிள்கள் உரசும் இடங்களில் குழாய்களுக்குச் சுற்றும் நுரை உறையை வெட்டி மாட்டலாம். தண்ணீர் பாட்டில், பம்ப், கழற்றக்கூடிய விளக்கு, பை எல்லாவற்றையும் காருக்குள் போடுங்கள், 100 கி.மீ. வேகத்தில் பறந்துபோகும் பாட்டில் பின்னால் வருபவருக்கு ஆபத்து. எல்லாம் முடிந்ததும் ஒரு நீளமான பட்டையை எல்லா சைக்கிள்களின் ஃபிரேம் வழியாகவும் விட்டு ரேக்கின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தொட்டில் அறுந்தாலும் சைக்கிள் சாலையில் விழாது.

## படி 8: ஓட்டும்போது

கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஓரமாக நிறுத்தி எல்லாப் பட்டையையும் இழுத்துப் பாருங்கள். புதிய நைலான் பட்டை முதல் சில கிலோமீட்டரில் சற்று நீளும், மழையில் நனைந்தாலும் நீளும். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முறை. ரேக்கின் கையேட்டில் வேக எல்லை இருந்தால் அதற்குள் ஓட்டுங்கள். வேகத்தடையிலும் குழியிலும் மெதுவாக ஏறி இறங்குங்கள், பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் எடை அங்கேதான் துள்ளும். ரிவர்ஸ் எடுக்கும்போது கார் வழக்கத்தைவிட அரை மீட்டருக்கு மேல் நீளம் என்பதை மனதில் வைத்து, கூட யாராவது இருந்தால் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தானியங்கிக் கார் வாஷுக்குள் ரேக்கோடு போகக் கூடாது.

வீடு திரும்பியதும் பட்டை ரேக்கைக் காரிலேயே விட்டுவைக்காதீர்கள். வெயில் நைலானைத் தின்னும், பார்க்க நன்றாக இருக்கும் பட்டை உள்ளுக்குள் பலம் இழந்திருக்கும். கழற்றி உலர்த்தி நிழலில் வையுங்கள். நிறம் வெளுத்து, ஓரத்தில் நூல் பிரிந்து, தொட்டால் மொரமொரப்பாக இருக்கும் பட்டையை உடனே மாற்றுங்கள். நல்ல நிறுவனங்கள் பட்டை, கொக்கி, தொட்டில் ரப்பர் ஆகியவற்றைத் தனித்தனியாகவே விற்கின்றன. பழைய ரேக் வாங்குகிறீர்கள் என்றால் பட்டைகளை எப்படியும் புதிதாகப் போட்டுவிட்டு, கொக்கிகளின் ரப்பர் பூச்சு உரிந்திருக்கிறதா, பக்கிளின் பற்கள் தேய்ந்து வழுக்குகிறதா என்று பார்த்த பிறகு முதல் சைக்கிளை ஏற்றுங்கள்.